கிண்ணம் பற்றவில்லையா? கையை நீட்டாதீர்!



சோப்பு, பிஸ்கட், தேயிலைத்தூள், மருந்து என நம் இல்லங்களுக்கு வந்து சேரும் பொருள்களில் பல அட்டைப்பெட்டிக்குள் அடங்கியே பயணம் செய்கின்றன. பொருளை எடுத்துக்கொண்டு பெட்டியை மூலையில் எறிந்துவிடுகிறோம். அப்பெட்டி எவ்வாறு பெட்டியாயிற்று என்று எண்ணிப் பார்ப்பவர் நம்மில் எத்தனை பேர்?

அட்டை ஆலையிலிருந்து பெட்டிகள் பெட்டியாக வருவதில்லை. ஓரம் ஒட்டப்பட்டு, தட்டையாக மடிக்கப்பட்டு, கட்டுக்கட்டாக வருகின்றன. பொருள் நிரப்பும் தொழிற்சாலையில் ஓர் இயந்திரம் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து விரிக்கிறது, அடிமடல்களை மடக்குகிறது, பசையோ டேப்போ இட்டு மூடி, பொருள் நிரப்புமிடத்திற்கு அனுப்புகிறது. இத்தனைக்கும் தொடக்கம் ஒன்றே. அடுக்கிலிருந்து ஓர் அட்டையைப் பற்றி எடுக்க வேண்டும். அதைச் செய்பவை ரப்பரால் ஆன சிறு கிண்ணங்கள். தொழிலாளர் இவற்றை ‘வேக்குவம் கப்’ என்பர்; அச்சகத்தார் ‘சக்கர்’ என்பர். இந்தக் கிண்ணம் பற்ற மறுத்தால் இயந்திரம் முழுவதும் நின்றுவிடும்.

ஓதிக்கொடுக்கும் ஆசிரியனுக்கு இயந்திரத்தோடு என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். நம் வாசகக் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று சென்னையைச் சுற்றிய தொழிற்பேட்டைகளிலும் வளைகுடா நாடுகளிலும் இத்தகைய இயந்திரங்களின் முன்னே நின்றுதான் குடும்பத்துக்குப் பணம் அனுப்புகிறார்கள். இயந்திரம் நின்றால் வசவு அவர்களுக்கு. அவசரத்தில் கையை உள்ளே விட்டால் காயமும் அவர்களுக்கே. ஆகவே இம்மாதம் இப்பொருளை எடுத்துக்கொண்டேன்.

உறிஞ்சுவது யார்?

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைவோம். கிண்ணம் அட்டையை இழுப்பதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் கிண்ணம் எதையும் இழுப்பதில்லை. கிண்ணத்துக்குள் இருக்கும் காற்று வெளியேற்றப்படுகிறது. அப்போது அட்டையின் மறுபக்கத்தில் இருக்கும் வெளிக்காற்று அட்டையைக் கிண்ணத்தோடு சேர்த்து அழுத்துகிறது. பிடித்து நிறுத்துவது நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் கனமே.

இந்தக் கனத்தை 1643இல் இத்தாலியைச் சேர்ந்த டாரிசெல்லி பாதரசக் குழாயைக் கொண்டு மெய்ப்பித்தார். கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 760 மில்லிமீட்டர் உயரப் பாதரசத்தைத் தாங்கி நிற்கும். ஜெர்மனியின் மக்டபர்க் நகர மேயராக இருந்த ஆட்டோ வான் கெரிக், 1657இல் இரு செப்பு அரைக்கோளங்களை ஒன்றோடொன்று பொருத்தி, உள்ளிருந்த காற்றை வெளியேற்றி, பக்கத்துக்கு எட்டாகப் பதினாறு குதிரைகளைப் பூட்டி இழுக்கச் செய்தார். குதிரைகள் திணறின. காற்றை உள்ளே விட்டதும் கோளங்கள் தாமே பிரிந்தன. அன்று குதிரைகளைத் தடுத்த அதே ஆற்றல்தான் இன்று அட்டையைப் பிடித்து நிற்கிறது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சதுர சென்டிமீட்டரில் காற்று சுமார் 1 கிலோ எடையோடு அழுத்துகிறது. 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள கிண்ணத்தின் பரப்பு ஏறக்குறைய 12.5 சதுர சென்டிமீட்டர். உள்ளிருக்கும் காற்றில் 60 விழுக்காட்டை வெளியேற்றினாலே ஏழு கிலோவுக்கு மேற்பட்ட பிடிப்பு கிடைக்கும். இத்தகைய கிண்ணங்கள் நான்கு சேர்ந்தால் முப்பது கிலோ. ஆனால் தூக்கப்படும் அட்டையோ பெரும்பாலும் ஒரு கிலோவைக்கூட எட்டாது!

இதிலிருந்து என்ன விளங்குகிறது? இயந்திரம் அட்டையைத் தவறவிடும்போது, “பம்ப்புக்குப் பலம் போதவில்லை, பெரியது வாங்க வேண்டும்” என்று முடிவு கட்டுவது பெரும்பாலும் பிழை. பலம் தேவைக்கு மேல் இருக்கிறது. எங்கோ கசிகிறது, அல்லது எங்கோ அடைத்திருக்கிறது, அல்லது காலம் தவறுகிறது. இந்த மூன்றில் எது என்று கண்டுபிடிப்பதே பழுது பார்ப்பவரின் வேலை.

கேஜ் சொல்லும் மூன்று சாட்சியங்கள்

நல்ல மருத்துவர் மருந்தை எழுதுமுன் நாடியைப் பார்க்கிறார். இந்த இயந்திரத்துக்கு நாடி, வெற்றிடத்தைக் காட்டும் கேஜ். சில கேஜ்களில் 0 முதல் 760 வரை மில்லிமீட்டரிலும், சிலவற்றில் 0 முதல் 30 வரை அங்குலத்திலும், வேறு சிலவற்றில் 0 முதல் கழித்தல் 1 வரை ‘பார்’ அளவிலும் எண்கள் இருக்கும். அளவு எதுவாயினும் பொருள் ஒன்றே. முள் பூஜ்யத்தை விட்டு எவ்வளவு விலகுகிறதோ அவ்வளவு காற்று வெளியேறியிருக்கிறது.

இயந்திரத்தின் அசையும் பாகங்கள் அனைத்தும் நின்று, தாமாக ஓடாதவாறு பூட்டப்பட்ட பிறகு, உறிஞ்சுதலை மட்டும் இயக்கிப் பயிற்சி பெற்றவர் மூன்று அளவுகளை எடுக்க வேண்டும்.

முதலாவது, கிண்ணங்கள் எதையும் பற்றாமல் திறந்திருக்கும் நிலை. இரண்டாவது, வழுவழுப்பான தடித்த பிளாஸ்டிக் பலகையை எல்லாக் கிண்ணங்களிலும் ஒட்டி, காற்று புகாமல் மூடிய நிலை. மூன்றாவது, அன்றாடம் ஓட்டும் அட்டையையே பற்றிய நிலை.

மூடிய நிலையில் முள் நன்றாக ஏறி, அட்டையில் மட்டும் ஏறவில்லை எனில் இயந்திரத்தின்மீது குற்றமில்லை. அட்டையையும், அட்டையின்மீது கிண்ணம் அமரும் இடத்தையும் ஆராய வேண்டும்.

மூடிய நிலையிலும் முள் வழக்கமான அளவுக்கு ஏறவில்லை எனில் கிண்ணம், குழாய், வால்வு, பம்ப் ஆகியவற்றுள் ஒன்றில் கோளாறு.

மூன்றாவது சாட்சியம் சற்று வஞ்சகமானது. கிண்ணங்கள் யாவும் திறந்திருக்கின்றன. ஆயினும் பம்ப்பின் அருகிலுள்ள கேஜ் ஆழ்ந்த வெற்றிடத்தைக் காட்டுகிறது. அனுபவமில்லாதவர், “கேஜ் அருமையாகக் காட்டுகிறதே, பம்ப் நன்றாகத்தான் இருக்கிறது” என்று மகிழ்ந்துவிடுவார். திறந்த வாயிலிருந்து காற்று தாராளமாக வர வேண்டிய நேரத்தில் பம்ப் மூச்சுத் திணறுகிறது என்பதே அதன் பொருள். இடையில் ஃபில்ட்டரோ குழாயோ அடைத்துக்கொண்டது. எண் நன்றாயிருந்தும் பிடிப்பு இல்லாத விந்தைக்கு இதுவே காரணம்.

மலைப்பகுதித் தொழிற்சாலைகளில் உள்ளோர் ஒன்றை நினைவில் கொள்க. 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகமண்டலத்தில் காற்றின் அழுத்தமே கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். எத்துணைச் சிறந்த பம்ப்பை வைத்தாலும் சென்னையில் காட்டும் எண்ணை அங்கே காட்ட இயலாது. அது பழுதன்று, இயற்கை. பிடிப்புப் போதவில்லையெனில் சற்றுப் பெரிய கிண்ணத்தைப் பொருத்துவதே வழி.

குற்றவாளிகளின் வரிசை

மலிவானதிலிருந்து விலை உயர்ந்ததை நோக்கித் தேடுவதே அறிவுடைமை. பத்து நிமிடத்தில் சரிசெய்யக் கூடியதை விட்டுவிட்டுப் பம்ப்பைக் கழற்றுவோர் உண்டு.

முதலில் கிண்ணங்கள். விரலால் உதட்டைத் தடவிப் பாருங்கள். காலப்போக்கில் ரப்பர் கெட்டிப்படும். விளிம்பில் கண்ணுக்குப் புலப்படாத கீறல் விழும். அட்டைத் தூசி உரசி விளிம்பு தேயும். சற்றே மடக்கிப் பார்த்தால் கீறல் வாய் திறக்கும். துருத்தி போன்ற மடிப்புகள் உள்ள கிண்ணமாயின் மடிப்பின் உட்பகுதியையும் பார்க்க வேண்டும். ஒரே பம்ப்பிலிருந்து எல்லாக் கிண்ணங்களுக்கும் குழாய் பிரிந்து செல்லும் இயந்திரங்களில், ஒரு கிண்ணம் கிழிந்தாலும் மற்றவை அனைத்தும் பலமிழக்கும். அட்டை வலப்பக்கம் நழுவுகிறது என்பதற்காக வலப்பக்கக் கிண்ணமே குற்றவாளி ஆகிவிடாது. குற்றம் ஓரிடம், தண்டனை வேறிடம் என்னும் உலக வழக்கு இங்கும் உண்டு!

அடுத்து குழாய்கள். இவை இயந்திரத்தின் கையோடு சேர்ந்து நாள்தோறும் ஆயிரக்கணக்கான முறை வளைகின்றன. இணைப்பு முனையருகில்தான் பெரும்பாலும் வெடிப்பு விழும். கை ஒரு கோடியில் இருக்கும்போது நேராயிருக்கும் குழாய், மறு கோடிக்குச் சென்றதும் மடிந்து அடைபடுவதும் உண்டு. ஆகவே இயந்திரத்தை அணைத்துப் பூட்டிய பிறகு, கையை மெல்ல நகர்த்தி இரு கோடிகளிலும் பார்க்க வேண்டும்.

கசிவைக் கண்டறியச் சிலர் சோப்பு நுரையைத் தடவுவர். காற்று வெளியே பீறிடும் குழாயில்தான் நுரை குமிழியிடும். வெற்றிடக் குழாயில் காற்று உள்ளே போகிறது. நுரையும் உடன் போகும். வேறு எளிய வழி உண்டு. கிண்ணங்களைப் பலகையால் மூடிவிட்டு, பிரிந்து செல்லும் மெல்லிய குழாய்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பிடியுங்கள். எந்தக் குழாயை மடக்கும்போது கேஜ் முள் சட்டென்று ஏறுகிறதோ, அந்தக் கிளையில்தான் கசிவு.

மூன்றாவது ஃபில்ட்டர். அட்டையை வெட்டிய ஓரங்களிலிருந்து மாவு போன்ற தூசி உதிர்ந்துகொண்டே இருக்கும். கிண்ணம் ஒவ்வொரு முறை வாய் திறக்கும்போதும் இத்தூசியைக் குடிக்கிறது. ஃபில்ட்டரைக் கழற்றிப் பார்ப்பதற்குக் கோளாறு வரும் வரை காத்திருக்கலாகாது. வேலையின் அளவுக்கேற்ப நாள் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஃபில்ட்டரை எடுத்து எறிந்துவிட்டு ஓட்டுவது சிலரது சாமர்த்தியம். அன்றைக்கு இயந்திரம் பிரமாதமாக ஓடும்; பின்னர் வால்வும் பம்ப்பும் தூசியால் நாசமாகும்.

நான்காவது, வெற்றிடத்தை உண்டாக்கும் உறுப்பு. இது இரு வகைப்படும். ஒன்று மின்சாரத்தால் சுழலும் பம்ப். கார்பன் தகடுகள் கொண்ட பம்ப்பில் அத்தகடுகள் சிறுகச் சிறுகத் தேயும். எண்ணெய் இடும் வகையில் எண்ணெயின் அளவையும் நிறத்தையும் கவனிக்க வேண்டும். மின்பணி நடந்த மறுநாளே பம்ப் உறிஞ்ச மறுத்தால், மூன்று கம்பிகளில் இரண்டு இடம் மாறி மோட்டார் எதிர்த்திசையில் சுற்றுகிறதா என்பதை முதலில் பார்க்கவேண்டும். எத்திசையில் சுற்ற வேண்டும் என்பதைக் காட்டும் அம்புக்குறி பம்ப்பின் மேலேயே இருக்கும்.

மற்றது எஜெக்டர். கம்ப்ரசரிலிருந்து வரும் அழுத்தக் காற்று குறுகிய துளை வழியே விரைந்து பாயும்போது பக்கத்துக் காற்றையும் இழுத்துச் செல்கிறது. அதனால் வெற்றிடம் உண்டாகிறது. இதில் சுழலும் பாகமே இல்லை. ஆனால் காற்று வெளியேறும் வாயிலில் ஓசையைக் குறைக்க ஒரு சைலென்சர் இருக்கும். அட்டைத் தூசி அதில் அடைந்தால் வெளியேற வழியின்றிக் காற்று பின்னோக்கி முட்டும், வெற்றிடம் சரியும். கம்ப்ரசர் அழுத்தத்தை இயந்திரம் சும்மா நிற்கும்போது பார்ப்பதில் பயனில்லை. பக்கத்து இயந்திரங்களும் சேர்ந்து ஓடும்போது அழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்பதே கணக்கு. அழுத்தம் குறைகிறதென்று குமிழைத் திருகிக் கூட்டிக்கொண்டே போவதும் தவறு. தயாரிப்பாளர் குறித்த அளவைத் தாண்டினால் வெற்றிடம் கூடாது. காற்றும் மின்கட்டணமுமே வீணாகும்.

அட்டை செய்யும் அடம்

இயந்திரத்தில் குறையே இல்லாதபோதும் பெட்டி விரிய மறுப்பதுண்டு. நெளி அட்டை என்பது இரு தாள்களுக்கு நடுவே அலையலையாக ஒரு தாளை ஒட்டிச் செய்தது. தாள் எதுவாயினும் அதில் நுண்துளைகள் உண்டு. பழைய காகிதத்தைக் கூழாக்கிச் செய்த மட்டமான தாளில் காற்று ஊடுருவுவது அதிகம். அத்தகைய அட்டையில் கிண்ணம் இடைவிடாது கசியும். இங்கே ஆழ்ந்த வெற்றிடத்தைவிட அதிகக் காற்றை விரைவாக வெளியேற்றும் திறனே தேவை.

தாள் ஈரத்தைக் குடிக்கும், வெயிலில் உலரும். ஒரு பக்கம் ஈரமாகி மறுபக்கம் உலர்ந்தால் அட்டை வில்போல் வளையும். வளைந்த அட்டையின்மேல் கிண்ணத்தின் உதடு முழுமையாகப் படியாது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் வடகிழக்குப் பருவமழையில் நம் கடற்கரை மாவட்டங்களில் இத்தொல்லை மிகும் என்பதில் வியப்பில்லை. அட்டைக் கட்டுகளைத் தரையில் போடாமல், சுவரில் சாய்க்காமல், மரச்சட்டத்தின்மேல் தட்டையாக அடுக்கி, மழைச் சாரல் படாமல் மூடி வையுங்கள். ஓட்டுவதற்கு ஒரு நாள் முன்னதாக இயந்திரக் கூடத்துக்குக் கொண்டுவந்தால் அங்குள்ள சூழலோடு அது இணங்கிவிடும்.

ஓரத்தை ஒட்டும்போது பசை வழிந்திருந்தால் பெட்டியின் உட்சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கிண்ணம் சரியாகப் பற்றியும் பெட்டி விரியாது. இதனைச் சோதிக்கக் கேஜ் வேண்டாம். ஒரு பெட்டியைக் கையில் எடுத்து விரித்துப் பார்த்தாலே போதும். அடுக்கின் பின்னிருந்து தள்ளும் விசை மிகுந்தாலும் அட்டைகள் இறுகி, பற்றியது கழலாது. கிண்ணம் மடிப்புக் கோட்டின்மீதோ வெட்டிய இடுக்கின்மீதோ அமர்ந்தால் காற்று உள்ளே புகுந்துகொண்டே இருக்கும். பெட்டியின் அளவை மாற்றிய அன்றே கோளாறு தொடங்கியது எனில் முதலில் இதைப் பாருங்கள்.

வேகமும் காலமும்

இயந்திரத்தை மெதுவாக ஓட்டினால் ஒழுங்காகப் பற்றுகிறது. வேகத்தைக் கூட்டினால் தவறவிடுகிறது. இது காலத்தின் குறை. வால்வு திறந்து, குழாயிலுள்ள காற்று முழுவதும் வெளியேறிய பிறகே பிடிப்பு உண்டாகும். குழாய் நீளமாயிருந்தால் அதற்கு அதிக நேரம் பிடிக்கும். கிண்ணம் அட்டையைத் தொட்டதும் உடனே கை பின்வாங்கினால் வெறுங்கையோடுதான் திரும்பும். வால்வு திறக்கும் நேரத்தைச் சற்று முன்னதாக்குவது, தேவையற்ற குழாய் நீளத்தைக் குறைப்பது, அடைபட்ட ஃபில்ட்டரை மாற்றுவது ஆகியவை இதற்கு மருந்துகள்.

போதிய வெற்றிடம் உண்டானதா என்று பார்த்து அனுமதி கொடுக்கும் ஸ்விட்ச் ஒன்று பல இயந்திரங்களில் உண்டு. அது அடிக்கடி நிறுத்துகிறதே என்று அதன் அளவைக் குறைத்துவிடுவோர் இருக்கின்றனர். இது காய்ச்சல் தணியவில்லையென்று தெர்மாமீட்டரை உடைப்பதற்கு ஒப்பாகும். அரைகுறையாக விரிந்த பெட்டிகள் உள்ளே சென்று சிக்கி, ஒரு நிமிட நிறுத்தம் ஒரு மணி நேர நிறுத்தமாகும்.

விரல் வளராது

இனி, இக்கட்டுரையை நான் எழுதக் காரணமான செய்திக்கு வருகிறேன். கிண்ணம் தவறவிடும்போது இயந்திரத்தருகே நிற்கும் இளைஞர் என்ன செய்கிறார்? அட்டையைக் கையால் சற்றே தள்ளிக்கொடுக்கிறார். ஒரு முறை செய்தால் பெட்டி விரிகிறது. பத்து முறை செய்தால் பழக்கமாகிறது. கதவு திறந்ததும் இயந்திரத்தை நிறுத்தும் பாதுகாப்பு ஸ்விட்ச் இடையூறாக இருக்கவே, அதில் காந்தத்தை ஒட்டியோ டேப்பைச் சுற்றியோ ஏமாற்றுகிறார். மேற்பார்வையாளரும் உற்பத்தி எண்ணிக்கையைப் பார்த்துவிட்டுக் கண்டும் காணாமல் போகிறார். ஒரு நாள் கிண்ணம் ஒழுங்காகப் பற்றுகிறது. கை உள்ளே இருக்கிறது.

கசிவு என்னவோ சில ரூபாய் விலையுள்ள ரப்பரில். அதற்கு ஈடாக வைக்கப்படுவதோ வாழ்நாள் முழுவதும் உழைக்க வேண்டிய விரல். இந்த வாணிபத்தில் யாருக்கு இலாபம்?

மின்சாரத்தை நிறுத்தினால் மட்டும் போதாது. அழுத்தக் காற்றில் இயங்கும் இயந்திரத்தில் மின்சாரம் போன பிறகும் குழாய்களில் காற்று தங்கியிருக்கும். சிக்கிய அட்டையை இழுத்த கணத்தில் கை சட்டென்று அசைந்துவிடலாம். ஆகவே மின்சாரத்தையும் காற்றையும் அடைத்து, தங்கிய காற்றை வெளியேற்றி, பூட்டுப் போட்டு, சாவியைத் தம் பையில் வைத்துக்கொண்ட பிறகே கையை நீட்ட வேண்டும். அசையும் ஆபத்தான பாகங்களுக்குக் காப்பு வேலி வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் 21ஆம் பிரிவிலேயே விதித்திருந்தது. இது இன்று நேற்றுத் தோன்றிய சிந்தனையன்று.

தொழில் நடத்தும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இயந்திரம் நின்றதும், “யார் நிறுத்தினான்?” என்று கேட்காதீர்கள். “கேஜ் என்ன காட்டுகிறது?” என்று கேளுங்கள். முதற்கேள்விக்கு அஞ்சுபவன் கோளாறை மறைப்பான். கையை விட்டுச் சமாளிப்பான். இரண்டாம் கேள்விக்குப் பழகியவன் உண்மையைச் சொல்வான். மாற்றுக் கிண்ணங்களையும் ஃபில்ட்டரையும் இயந்திரத்துக்கு அருகிலேயே வைத்திருங்கள். பூட்டிய அலமாரியில் இருக்கும் உதிரி பாகம் எவருக்கும் உதவாது.

இயந்திரத்தருகே நிற்கும் தம்பிமார்க்கும் தங்கையர்க்கும் ஒரு வேண்டுகோள். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். இயந்திரம் நன்றாக ஓடும் நாளில் மூன்று நிலைகளிலும் கேஜ் காட்டும் எண்களைத் தேதியோடு எழுதி வையுங்கள். கிண்ணம் மாற்றிய நாள், ஃபில்ட்டர் மாற்றிய நாள், அட்டை எந்தக் கட்டிலிருந்து வந்தது என்பவற்றையும் குறியுங்கள். நலமாயிருந்தபோது எண் என்னவென்று தெரிந்தால்தான் நோயுற்றபோது எவ்வளவு குறைந்தது என்பது தெரியும். “எனக்குத் தெரியாது சார்” என்று தலைகுனிந்து நிற்பதற்கும், “நேற்று வரை 600 காட்டியது, இன்று 420தான் காட்டுகிறது; மூன்றாம் குழாயை மடக்கினால் ஏறுகிறது” என்று நிமிர்ந்து சொல்வதற்கும் எத்துணை வேறுபாடு!

இல்லத்தில் இருக்கும் தாய்மார்களே, மகனோ மகளோ தொலைபேசியில் பேசும்போது சம்பளம் வந்ததா, சாப்பிட்டாயா என்று கேட்கிறீர்கள். அவற்றோடு, “இயந்திரத்துக்குள் கை விடுவதில்லையே?” என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். மேற்பார்வையாளர் சொல்லி ஏறாதது தாய் சொல்லி ஏறக்கூடும்.